கம்பெனிப் பணத்தை வீட்டுக்கு எடுத்தேன். திருப்பிக் கட்டினால் போதுமா?

கேள்வி: கட்டட கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்தோம். எனக்கு 70 சதவீதப் பங்கு, மனைவிக்கு 30, இருவரும் டைரக்டர்கள். சில வாடிக்கையாளர்கள் இன்னும் என் சேமிப்புக் கணக்கில்தான் பணம் போடுகிறார்கள். ஆட்களுக்குக் கூலியும் பல முறை அதிலிருந்தே கொடுத்திருக்கிறேன். வீட்டு வேலைக்காகக் கம்பெனிக் கணக்கிலிருந்து 6 லட்சம் எடுத்தேன். அது பெரிய சிக்கல் என்கிறார் ஆடிட்டர். திருப்பிக் கட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: கட்டத்தான் வேண்டும். ஆனால், அதனால் மட்டும் வரிச் சிக்கல் தீராது. கம்பெனி பதிவான நாளிலிருந்து சட்டத்தின் பார்வையில் அது வேறு ஆள். பங்குகள் முழுவதும் உங்கள் குடும்பத்திடமே இருந்தாலும் அதன் பணம் உங்களுடையது அல்ல.

கம்பெனிகள் சட்டம், 2013இன் 185ஆம் பிரிவு டைரக்டருக்குக் கம்பெனி கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. மீறினால் கம்பெனிக்கு 5 முதல் 25 லட்சம் வரை அபராதம். கடன் வாங்கிய டைரக்டருக்கு ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. பிரைவேட் கம்பெனிக்கு விலக்கு இருக்கிறது: வேறு எந்த நிறுவனமும் அதில் பங்கு வைத்திருக்கக் கூடாது, வங்கி முதலானவற்றில் வாங்கிய கடன், பங்குதாரர்கள் செலுத்திய மூலதனத்தின் இரு மடங்குக்குள் இருக்க வேண்டும், அதில் தவணை பாக்கி கூடாது. பலரும் கோட்டைவிடுவது நான்காவது நிபந்தனையை: ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலாகியிருக்க வேண்டும்.

வருமான வரிதான் இதைவிடக் கடுமை. 10 சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இப்படிப்பட்ட கம்பெனி கொடுக்கும் கடன், அதன் சேர்ந்த லாபம் இருக்கும் அளவுக்கு, டிவிடெண்டாகவே (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்காகவே) கருதப்படும். லாபம் 4 லட்சம் என்றால், அந்த 4 லட்சத்துக்கு உங்கள் கையில் வரி. அதே ஆண்டில் திருப்பிக் கட்டினாலும் வரி போகாது என்று 1977இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.

எனவே, உண்மையில் எவ்வளவு கடன் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டு வங்கிக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் மாதவாரியாகப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே குறியுங்கள்: கம்பெனி வரவு, கம்பெனிச் செலவு, வீட்டுச் செலவு. உங்கள் கணக்குக்கு வந்த வாடிக்கையாளர் பணம் உங்கள் பாக்கியைக் கூட்டும். நீங்கள் கொடுத்த கூலி குறைக்கும். கடைசியில் வரும் தொகை 6 லட்சமாக இருக்க வாய்ப்பில்லை. கூலிக்கு மஸ்டர் ரோலும் (ஆட்களின் வருகை, கூலிப் பதிவேடு) கையெழுத்தும் இருந்தால்தான் கழிக்க முடியும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ரொக்கமாக 10,000க்கு மேல் கொடுத்தது செலவாக ஏற்கப்படாது.

கூலியை 'டைரக்டர் ரொக்கமாகக் கொடுத்த கடன்' என்று கணக்கில் எழுத யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கக் கடன் வாங்கினால் கம்பெனிக்கு அதே தொகை அபராதமாக வரலாம். பழைய தேதியிட்டுச் சம்பளத் தீர்மானம் எழுதுவது இன்னும் மோசம். அது பொய் ஆவணம்.

வாடிக்கையாளர் பணம் தரும்போதே பிடித்த வரி (டிடிஎஸ்) உங்கள் சொந்த பான் எண்ணில் போயிருக்கலாம். பில் கம்பெனி பெயரில் இருந்தால் அந்த வரவு கம்பெனிக்குக் கிடைக்காது. டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தித் தரும்படி அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

இனி கம்பெனியிலிருந்து பணம் எடுக்க நேரான வழிகள்: போர்டு தீர்மானத்தோடு மாதச் சம்பளம், லாபத்திலிருந்து டிவிடெண்ட், பில் வைத்துப் பெறும் செலவுத் தொகை, நீங்கள் கம்பெனிக்கு வங்கி வழியாகக் கொடுத்த கடனைத் திரும்பப் பெறுவது. அந்தக் கடனைக் கொடுக்கும்போதே, அது வெளியில் கடன் வாங்கிய பணம் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கம்பெனி அந்தக் கடனை ஜூன் 30க்குள் பதிவாளருக்கான டிபிடி-3 படிவத்தில் காட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, எஸ்டிமேட் தாளில் பழைய சேமிப்புக் கணக்கு எண்ணையும் க்யூஆர் கோடையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே மாற்றி, நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் புதிய கணக்கு விவரத்தைக் கம்பெனி லெட்டர்ஹெட்டில் அனுப்புங்கள்.