ஷெட் மாறியது, ரிஜெக்‌ஷன் ஏறியது: சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: வணக்கம்ங்க வக்கீல் ஐயா. கோவை கணபதியில் இருந்த மோட்டார் பம்ப் கம்பெனியில் 17 வருடமாக சிஎன்சி (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். பொங்கல் கழிந்ததும் கம்பெனியைப் பல்லடம் தாண்டி ஒரு புது ஷெட்டுக்கு மாற்றினார்கள். மெஷின்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இரண்டே வாரத்தில் ஓட்டச் சொன்னார்கள். அன்றிலிருந்து பேரிங் ஹவுசிங் போர், அதாவது பேரிங் உட்காரும் துளை, சரியாக வருவதில்லை. டேப்பர் (துளை ஒரு முனையில் விரிவது) வருகிறது என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். நூற்றுக்கு இரண்டு, மூன்று ரிஜெக்ட் ஆன இடத்தில் இப்போது பத்து ஆகிறது. போன மாதம் ‘ரிஜெக்‌ஷன்’ என்று 2,300 ரூபாய் பிடித்துவிட்டார்கள். அலட்சியம் என்று மெமோ வேறு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டுமாம். கம்பெனி பஸ் ஒரு மாதத்தோடு நின்றது. பத்து மணி டீயும் இல்லை. எங்கள் செட்டில் ஏழு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். இப்போது பழைய கம்பெனியில் ராஜினாமா, புதுப் பெயரில் சேர்க்கை என்று இரண்டு தாள் நீட்டுகிறார்கள். நாமும் மெதுவாக ஓட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்ங்க?

பதில்: முதலில் அந்த ராஜினாமாத் தாளைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். கையெழுத்துப் போடாதீர்கள். “எல்லாரும் போட்டாச்சு, நீ மட்டும் ஏன்” என்பார்கள். வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,200 ரூபாய். அதை 26 ஆல் வகுத்து, 15 நாளைக்குப் பெருக்கி, 17 வருடத்துக்குப் போட்டால் பணிக்கொடை 1,78,500 ரூபாய் வருகிறது. அதை இன்றே கையில் கொடுத்தாலும் உங்களுக்கு நட்டம்தான். பணிக்கொடை கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவது. ஓய்வு பெறும்போது சம்பளம் ஏறியிருக்கும், இந்த 17 வருடமும் அந்த ஏறிய விகிதத்தில் பெருகும். ராஜினாமா செய்தால் அது இன்றைய விகிதத்தில் முடிந்துபோகும், புதுக் கணக்கு பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். இடையில் ஆட்குறைப்பு என்று வந்தால், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியே என்பது விதி. 17 வருட சீனியர் ஒரே கையெழுத்தில் அந்த வரிசையின் வாலுக்குப் போய்விடுவார்.

அந்தப் ‘புதுப் பெயர்’ சட்டப்படி வேறு நிறுவனமா, அதே நிறுவனத்தின் புதுப் போர்டா என்று பாருங்கள். பிஎஃப் பாஸ்புக்கில் இந்த மாதம் யார் பெயரில் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதே போதும். உண்மையிலேயே தொழில் கைமாறியிருந்தால், உங்கள் சர்வீஸ் அறுபடாமல், பழைய நிபந்தனைகள் குறையாமல் புது முதலாளி ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு ராஜினாமா எதற்கு?

சரி, இடம் மாற்றியதே செல்லுமா? நிறையப் பேர் இங்கேதான் சண்டையை ஆரம்பித்துத் தோற்கிறார்கள். தொழிற்சாலையை எங்கே வைத்து நடத்துவது என்பது பெரும்பாலும் நிர்வாகத்தின் முடிவு. 1960-இல் உச்ச நீதிமன்றம் குந்தன் சுகர் மில்ஸ் வழக்கில், வேலைக்குச் சேர்ந்த பிறகு முதலாளி தொடங்கிய வேறொரு ஆலைக்குத் தொழிலாளியை மாற்ற அவருக்கு இயல்பான உரிமை எதுவும் இல்லை என்று சொன்னது. ஆனால் அங்கே பழைய ஆலை அப்படியே இருந்தது, ஆட்களை மட்டும் இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். உங்கள் கதை வேறு, முழு ஆலையும் நகர்ந்திருக்கிறது. உங்கள் நியமன ஆணையில் இடமாற்ற நிபந்தனை இருக்கிறதா என்பதைப் பொறுத்தே இந்தத் தீர்ப்பு உங்களுக்கு உதவும். அந்த ஆணையைத் தேடி எடுங்கள், பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கும்.

டெல்லி வழக்கையும் யாராவது சொல்லியிருப்பார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அபாயகரமான 168 ஆலைகளை டெல்லியை விட்டு நகரச் சொன்னபோது, கூடப் போகும் தொழிலாளிக்கு ஒரு வருடச் சம்பளம் இடமாற்ற போனஸ், வேலைத் தொடர்ச்சி, நிபந்தனைகளில் குறைவு கூடாது என்றெல்லாம் உத்தரவிட்டது. அது அந்த வழக்குக்கான தனி உத்தரவு. அதைக் காட்டி ஒரு வருடச் சம்பளத்தை உரிமையாகக் கேட்க முடியாது. பேச்சுவார்த்தையில் காட்டலாம், காட்டுங்கள்.

இனி அந்த 2,300 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. உங்கள் பிடித்தம் அதற்குப் பின்பு நடந்தது, எனவே ஊதியச் சட்டத் தொகுப்புதான் பொருந்தும். அபராதம் என்று பிடித்தால் அந்த மாத ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. உங்கள் 18,200-க்கு அது 546 ரூபாய். நட்ட ஈடு என்று பிடித்தால், பாதுகாப்புக்காக உங்களிடம் ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும், நட்டம் நேரடியாக உங்கள் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். மெஷினில் கட்டி ஓட்டக் கொடுத்த வார்ப்பு, ஸ்டோர் கீப்பரிடம் ஒப்படைத்த சரக்கு மாதிரி ஆகாது என்று நான் வாதிடுவேன். அபராதமோ நட்ட ஈடோ, பிடிப்பதற்கு முன்பு உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்குச் சம்பளம் பிடித்தது 7-ஆம் தேதி, மெமோ வந்தது 12-ஆம் தேதி. தண்டனையை முதலில் கொடுத்துவிட்டுக் கேள்வியை அப்புறம் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தொகையைத் திரும்பக் கேட்டு மனுப் போட மூன்று வருடம் வரை நேரம் இருக்கிறது.

மெமோவுக்கான பதிலில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு விசாரணை பார்த்தேன். ஆபரேட்டர் அலட்சியம் என்று பராமரிப்புப் பொறுப்பாளர் சாட்சி சொன்னார். குறுக்கு விசாரணையில் ஒன்றுதான் கேட்டேன்: மெஷினை இறக்கி வைத்த பிறகு லெவல் பார்த்த ரிப்போர்ட் எங்கே? மனிதர் என்னைப் பார்க்காமல் நிர்வாக வக்கீலைப் பார்த்தார். ரிப்போர்ட் இல்லை. லாரியில் குலுங்கி வந்த மெஷின், சரியாக இறுகாத கான்கிரீட்டில் நின்றால் மெஷினின் அடிப்பாகமான பெட் முறுக்கிக்கொள்ளும். அப்புறம் போர் வாயில் அளவாக இருந்து அடியில் விரியத்தான் செய்யும். அதே புரோகிராம், அதே டூல், அதே ஆள். மாறியது மெஷின் நிற்கும் தரை மட்டும்.

ஆகவே பதிலில் “நான் நேர்மையாக உழைப்பவன்” என்று உருகாதீர்கள். எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எந்த மெஷின், எத்தனை பீஸ் என்று நிர்வாகத்திடமே விவரம் கேளுங்கள். லெவலிங், அலைன்மென்ட் ரிப்போர்ட் நகல் கேளுங்கள். அதே மெஷினில் அடுத்த ஷிஃப்ட்காரரின் ரிஜெக்‌ஷன் எவ்வளவு என்று கேளுங்கள். அவருக்கும் பத்து என்றால் அலட்சியம் என்ற வார்த்தை அங்கேயே விழுந்துவிடும். டேப்பர் வருகிறது என்று சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மெசேஜை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் அதை வைக்க புதுச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவை, அதை வக்கீல் தயார் செய்வார்.

டீ, பஸ். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் சட்டப்படி உங்கள் டீ பஸ்ஸைவிடப் பலமானது. 17 வருடமாக வந்த டீ வழக்கமான சலுகை, அதை நிறுத்த 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஒரு மாதம் ஓடிய பஸ்ஸை வழக்கம் என்று சொல்வது கடினம். இடமாற்றத்தின்போது பஸ் உண்டு என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டியிருந்தார்களா? யாராவது படம் எடுத்திருந்தால் கதை மாறும்.

மெதுவாக ஓட்டும் யோசனையை இன்றே கைவிடச் சொல்லுங்கள். வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைப்பதை நீதிமன்றங்கள் கடுமையான ஒழுங்கீனமாகவே பார்க்கின்றன. அதைச் செய்த நாளிலிருந்து, மெஷின் கோளாறால் வந்த ரிஜெக்‌ஷன்கூட உங்கள் தலையில் ஏறிவிடும். எல்லாரும் ஒரே நாளில் லீவு போடுவதும் வேண்டாம். புதுச் சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து லீவு எடுத்தாலே அது வேலைநிறுத்தம், அதற்கு 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். போன ஏழு பேர் இடத்தில் வந்திருக்கும் வடநாட்டுப் பையன்கள் மேல் கோபத்தைக் காட்டாதீர்கள். அவர்களுக்கும் அதே மெஷின்தான், அதே ரிஜெக்‌ஷன்தான்.

20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குறை தீர்க்கும் குழு இருக்க வேண்டும், சரிபாதி தொழிலாளர் பிரதிநிதிகளோடு. அங்கே எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். குழுவே இல்லை என்றால் அதையும் எழுதித் தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் போங்கள். நீங்கள் இப்போது வேலை பார்ப்பது திருப்பூர் மாவட்டம், அதனால் மனுவைத் திருப்பூரில் கொடுங்கள். பழக்கத்தில் கோவை அலுவலகத்துக்குப் போய் நாளைக் கழிக்க வேண்டாம். தனியாகப் போவதைவிட நாலு பேராகவோ சங்கம் வழியாகவோ போவது நல்லது. சமரசப் பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தப்பட்ட வேலை நிபந்தனைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்ற முடியாது.

மெமோவுக்குப் பதில் தர வெள்ளிக்கிழமை கடைசி என்று எழுதியிருக்கிறீர்கள். வியாழக்கிழமையே கொடுத்து நகலில் வாங்கியதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஹெச்ஆரில் வாங்க மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஷிஃப்ட் முடிந்ததும் பல்லடம் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட் செய்து ரசீதை நியமன ஆணையோடு சேர்த்து வையுங்கள்.