அழைத்தாலும் வராமல் ஓடும் நாய்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: காப்பகத்திலிருந்து நாங்கள் தத்தெடுத்து மூன்று வாரமே ஆன நாட்டு நாய் செவலை, தீபாவளி இரவில் வெடிச்சத்தத்துக்கு மிரண்டு, திறந்திருந்த வாசல் வழியே ஓடிவிட்டது. ஐந்து நாட்களாகின்றன. நேற்று அதிகாலை நாராயணபுரம் ஏரிக்கரையில் அதைக் கண்ட என் கணவர், வண்டியை நிறுத்திப் பெயர் சொல்லி அழைத்தார். அது வாலை இடுக்கிக்கொண்டு புதருக்குள் ஓடி மறைந்துவிட்டது. எங்களை அதற்குப் பிடிக்கவில்லையா? உறவுக்காரப் பையன்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வளைத்துப் பிடித்துவிடலாம் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, பள்ளிக்கரணை

பதில்: வேண்டாம். அந்தப் பையன்களை இன்றே தடுத்துவிடுங்கள். நான்கு பக்கமும் ஆட்கள் நெருங்கினால் செவலை எந்த இடைவெளி கிடைக்கிறதோ அதன் வழியே பாயும். ஏரிக்கரையில் அந்த இடைவெளி பெரும்பாலும் வேளச்சேரி–தாம்பரம் சாலையை நோக்கியே இருக்கும். இப்படித் துரத்தப்பட்டு, வேனில் அடிபட்டு இடுப்பெலும்பு நொறுங்கிய நாய் ஒன்றை என் மேசையில் கிடத்தியபோது, துரத்தியவர்களே கதறி அழுததை நான் இன்னும் மறக்கவில்லை.

உங்களைப் பிடிக்காததால் அது ஓடவில்லை. அச்சம் உச்சத்தில் இருக்கும் நாய், எதிரே நிற்பவர் யார் என்று நிதானித்துப் பார்ப்பதற்கு முன்பே ஓடிவிடுகிறது. பல ஆண்டுகள் வீட்டில் வளர்ந்த நாய்கள்கூட அந்த நிலையில் வளர்த்தவரைக் கண்டு ஓடியதுண்டு. செவலைக்கோ உங்கள் பழக்கம் மூன்று வாரம்தான், புதுப்பெயரும் மனத்தில் பதிந்திருக்காது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெரு நாய்கள் அதை விரட்டியிருக்கும். ஏரிக்கரைப் புதரில் கிடைத்த அமைதியை விட்டு அது எளிதில் நகராது என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. அந்த அமைதியை நாம் கலைக்காமல் இருந்தால் போதும்.

ஆகவே தேடி அலைவதைக் குறைத்து, அது தேடி வரும்படி ஓர் இடத்தை உருவாக்குங்கள். அதைக் கண்ட இடத்துக்கு அருகில், சாலையிலிருந்து விலகி, தினமும் அதே அதிகாலை நேரத்தில், கோழி வேகவைத்த நீரில் பிசைந்த சோற்றைச் சிறிதளவு வையுங்கள். பக்கத்தில் தண்ணீரும், நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய சேலையோ லுங்கியோ இருக்கட்டும். அந்தப் பகுதி நாய்கள் சோற்றைத் தின்றுவிடும் என்பது உண்மையான சிக்கல்தான். அவற்றுக்கு வழக்கமாக உணவிடுபவர் யாரென்று விசாரித்து, அதே நேரத்தில் சற்றுத் தள்ளி வைத்து அவற்றுக்குப் போடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இரவுக் காவலர், பால் போடுபவர், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரிடம் படத்தைக் காட்டி, "பிடிக்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், எங்கே எந்த நேரத்தில் பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சுவரொட்டியிலும் இதே வாசகம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். உடலில் உள்ள ஏதேனும் ஓர் அடையாளத்தை மட்டும் அதில் எழுதாமல் வைத்துக்கொண்டால், நாய் தங்களிடம் இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களை அதை வைத்தே சோதித்துவிடலாம்.

செவலை கண்ணில் பட்டால் நின்றுகொண்டே இருக்காதீர்கள். மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, கண்ணோடு கண் பார்க்காமல், பெயரையும் சொல்லாமல், பிஸ்கட் உறையைச் சரசரவென்று பிரித்து நீங்களே ஒன்றைத் தின்னத் தொடங்குங்கள். இடையிடையே ஒரு துண்டை அதன் பக்கமாக வீசுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், நான்கு நாட்களும் ஆகலாம். அருகில் வந்தவுடன் கழுத்துப்பட்டையைப் பாய்ந்து பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அந்தப் பிடி நழுவிவிட்டால் மறுமுறை அது அவ்வளவு அருகில் வராது. கையிலிருந்து தின்னட்டும், தாடைக்கு அடியில் தடவ விடட்டும், அதன் பிறகு சுருக்கு வாரை மெல்லத் தலை வழியே நுழையுங்கள். காப்பகத்தில் அதைப் பராமரித்தவரை அழைத்து வர முடிந்தால், என் அனுபவத்தில் அதைவிடச் சிறந்த உதவி வேறில்லை. பல மாதம் கேட்டுப் பழகிய குரல் அவருடையதுதானே! பத்து நாட்களாகியும் நெருங்காவிட்டால் காப்பகத்தில் கூண்டுப் பொறி இருக்கிறதா என்று கேளுங்கள். அதை வைத்தால் ஒருவர் மறைவில் இருந்து கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கிடையே மாநகராட்சியின் 1913 எண்ணில் தகவல் சொல்லுங்கள். நாய்களுக்கான கருத்தடை மையங்களுக்கும் கிண்டியிலுள்ள ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்புக்கும் நேரில் சென்று பாருங்கள். கழுத்துப்பட்டை கழன்றிருந்தால் அதைத் தெரு நாயென்றே நினைப்பார்கள்; 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகளின்படி அத்தகைய நாயைப் பொதுவாகப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள் என்பதால், நீங்கள் சொல்லிவைக்காவிட்டால் அது உங்கள் வீட்டுக்கு வராது. தோலுக்கடியில் மைக்ரோசிப் என்ற சிறு அடையாளச் சில்லைப் பொருத்தியிருந்தால், அதன் 15 இலக்க எண்ணுக்குரிய பதிவில் காப்பகத்தின் தொலைபேசி எண்தான் இன்னும் இருக்கிறதா என்பதையும் உடனே பாருங்கள்.

கிடைத்த பிறகு, காரின் கண்ணாடிகளை ஏற்றிய பின்பே வாரைத் தளர்த்துங்கள். முதல் நாள் உணவைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். உண்ணி மொய்த்திருக்கும், தேங்கிய நீரைக் குடித்திருக்கும்; உண்ணிக் காய்ச்சல், எலிக் காய்ச்சல் இரண்டையும் மனத்தில் வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பிடிக்கும்போது பல் பட்டாலோ நகம் கீறினாலோ, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விட்டுவிடாமல், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் கழுத்துப்பட்டையுடன் ஒரு நாய் வந்து நிற்கிறது. இருவர் தங்களுடையது என்கிறார்கள். யாரிடம் கொடுப்பது?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: தடுப்பூசிப் புத்தகத்தையும், குறைந்தது ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படங்களையும் இருவரிடமும் கேளுங்கள். அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் சிப் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அது முடியும்வரை மற்ற நாய்களிடமிருந்து தனியே, தண்ணீர் வைத்துக் கட்டிப்போடுங்கள்.