ஆடியில் எழும்பிய தேக்குத் தரை

கேள்வி: ஆனைமலைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில், 12 அடி அகல ஹாலுக்குத் தேக்குப் பலகைத் தரை போட்டோம். 4 அங்குலப் பலகை, காடி எடுத்துக் கோத்து, பிளைவுட் மேல் ஆணி அடித்தது. வேலை மாசியில் முடிந்தது. ஆடிப் பதினெட்டுக்கு வந்த அத்தை நடு ஹாலில் கால் தடுக்கி விழப் பார்த்தார். முக்கால் அங்குலம் எழும்பி நிற்கிறது, மிதித்தால் தொம் தொம்மென்று சத்தம். ஆசாரி பச்சை மரத்தை வைத்து ஏமாற்றிவிட்டாரா? எழும்பிய இடத்தை மெஷின் வைத்து இழைத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஆசாரி மேல் இந்தப் பழியைப் போடாதீர்கள். பச்சை மரம் என்றால் பலகை சுருங்கி, சந்து சந்தாக விட்டிருக்கும். உங்கள் தரை புடைத்திருக்கிறது. அவர் போட்டது காய்ந்த மரம்தான். மாசி வெயிலில் இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கும். அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்தது, காய்ந்த மரம் அதைக் குடித்தது. உங்களுக்குத் தெரியாததா? தேங்காய் காயக் காயப் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டுக் கழன்றுவிடுகிறதே, அதே சமாச்சாரம்தான். மரம் ஈரம் ஏறினால் திரும்ப விரியும் என்பது ஒன்றுதான் கூடுதல்.

என் அப்பா பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தார். உள்ளே எந்நேரமும் ஈரக்காற்றை ஊதிக்கொண்டே இருப்பார்கள், காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும் என்பதால். பஞ்சு, மரம் இரண்டும் காற்றைப் பார்த்துத்தான் தன் ஈரத்தை வைத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாகவே நீடித்தால் மரத்தில் 9 சதவீதம் ஈரம் நிற்கும். 80 ஆனால் 15, 16 வரை ஏறும். வார்னிஷ் அடித்தால் இது மெதுவாக நடக்கும், நிற்காது.

தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. அப்படியும் மரத்தில் 1 சதவீதம் ஈரம் ஏறினால் சாதாரண அறுப்புப் பலகை அகலத்தில் 0.18 சதவீதம் விரியும். 4 சதவீதம் ஏறியது என்று வையுங்கள். 4 அங்குலப் பலகைக்கு முக்கால் மில்லிமீட்டர். உங்கள் ஹாலில் 36 பலகை, மொத்தம் 27 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு மேல். ஆணியும் காடிச் சந்தும் பாதியைத் தாங்கிக்கொண்டாலும் மீதி எங்கே போகும்? சுவர்வரை நெருக்கி அடித்திருந்தால் மேலேதான் போகும். ஒரு சீட்டை இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிப் பாருங்கள். 12 அடியில் வெறும் 2 மில்லிமீட்டர் மிச்சமானாலே, கணக்குப்படி நடுவில் 2 அங்குலம் தூக்கலாம். நீளவாக்கில் மரம் அசையாது என்றே சொல்லலாம். அதனால் பலகையின் பக்கவாட்டுச் சுவர்கள் இரண்டையும் பாருங்கள்.

நானும் இதில் அடிபட்டவன்தான். 1994இல் வால்பாறையில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்குப் பங்குனியில் தரை போட்டேன். மரத்தைப் பொள்ளாச்சியில் வைத்துக் காயவைத்து, மேலே ஏற்றிய மறுநாளே அடிக்க ஆரம்பித்தேன். சுவரோரம் கால் அங்குலம் விட்டதே தாராளம் என்று நினைப்பு. ஆனி மாதம் ஆள் வந்து, கதவு திறக்கவில்லை என்றார். 40 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், தரை யானை முதுகு மாதிரி நிற்கிறது. என் காசில் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். கூலியும் போச்சு, மானமும் போச்சு.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். சுவரடியில் தரையோரமாக ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கே சந்தே இருக்காது, அல்லது கொத்தனார் சிமெண்டை அடைத்து வைத்திருப்பார். சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் அரை அங்குலச் சந்து விழும்படி பலகையை அறுத்தெடுக்கச் சொல்லுங்கள், ரம்பம் பிளைவுட்டைத் தொடாமல். சில வாரங்களில் தரை தானாக அமரும். அவசரப்பட்டு அதன் மேல் பீரோவைத் தூக்கி வைக்க வேண்டாம். ஸ்கர்ட்டிங்கைத் திரும்ப அடிக்கும்போது ஆணி சுவரில் இறங்க வேண்டும், தரையில் அல்ல.

இழைப்பு இப்போது கூடாது. ஈரத்தில் உயர்ந்து நிற்பதை இழைத்துச் சமமாக்கினால், தை, மாசியில் மரம் காயும்போது அதே இடம் பள்ளமாகும்.

இன்னொன்று, ஒவ்வொரு பலகையிலும் இரு ஓரமும் தூக்கி நடு குழிந்திருக்கிறதா என்று ஒரு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அப்படியானால் அடியிலிருந்தும் ஈரம் வருகிறது. தோட்டத்து வீடு என்கிறீர்கள். சுவரோரத் தென்னைக்கு வட்டப்பாத்தி கட்டித் தண்ணீர் விடுகிறீர்களா? அதை நிறுத்தாமல் மேலே என்ன செய்தாலும் அடுத்த ஆடிக்கு எனக்கு இதே கடிதம் வரும்.

கேள்வி: பவானியில் எங்கள் வீட்டு மரத்தரையில் சித்திரையில் ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு சந்து விடுகிறது. மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாங்க. ஐப்பசி மழையில் பலகை விரியும்போது நீங்கள் அடைத்ததைப் பிதுக்கித் தள்ளும், இல்லையென்றால் ஓரம் நசுங்கும். கார்த்திகையில் ஒரு தடவை அதே நாணயத்தைச் செருகிப் பாருங்கள். நுழையவில்லை என்றால் தரையில் குறையில்லை, சந்தைக் கண்டுகொள்ளாதீர்கள். மழையிலும் மூடாமல் நின்றால்தான் வைத்தியம், அதுவும் ஒரு வருஷம் முழுக்கப் பார்த்த பிறகு. அந்த அறையில் பகல் முழுக்க ஏசி ஓடுகிறதா? அதுவும் காற்றைக் காயவைக்கும்.

கேள்வி: கோபியில் புது வீடு. 4 அங்குலக் கான்கிரீட் தரை போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஆவணியில் கிரகப்பிரவேசம், அதற்குள் மரத்தரை போட்டுவிடலாமா?

பதில்: கான்கிரீட் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு, மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். மேலே வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மூன்றடிச் சதுரப் பாலிதீன் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் மரத்தை உள்ளேயே கொண்டுவராதீர்கள். வியர்க்காவிட்டாலும் ஈரமானியால் ஒரு தடவை பார்ப்பது நல்லது. பூச்சு, பெயிண்ட், ஜன்னல் கண்ணாடி எல்லாம் முடிந்த பிறகு பலகையை அதே அறையில், இடையிடையே குச்சி கொடுத்து, காற்றோட்டமாக இரண்டு வாரமாவது அடுக்கி வைக்கவேண்டும். கிரகப்பிரவேசத்தைத் தாராளமாகச் செய்யுங்கள். அந்த ஒரு அறைக்கு ஜமக்காளத்தை விரித்துவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?