துள்ளினால் ஷாக், ஆடினால் புஷ்: பழைய பைக்கின் பின் சஸ்பென்ஷன் பற்றிச் சில கேள்விகள்

பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதே என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அதனால் என்னிடம் கேட்கிறார்கள். பின் ஷாக் பற்றி வந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

அண்ணா, என்னுடையது 95 மாடல் ஆர்எக்ஸ் 100. ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினால் பின்பக்கம் மூன்று நான்கு முறை குதிக்கிறது. ஸ்ப்ரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக்.

ஸ்ப்ரிங் தளர்ந்தால் வண்டி குதிக்காது தம்பி, பின்னால் தொங்கிப்போகும். எடையைத் தாங்குவது ஸ்ப்ரிங். அதன் துள்ளலை அடக்குவது நடுவில் இருக்கும் டேம்பர். அதற்குள் ஆயில் சின்னச் சின்ன ஓட்டைகளில் பிதுங்கிப் போகும்போது துள்ளலின் வேகம் சூடாக மாறி அடங்குகிறது. ஆயில் கசிந்துவிட்டால் அடக்க ஆளில்லை. சீட்டின் பின்முனையை இரண்டு கையாலும் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் சரி. குதித்துக்கொண்டே இருந்தால், டேம்பருக்குள் போய் வரும் குரோம் ராடைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் அதில் அப்பிய மண்ணும் இருந்தால், ஆயிலை அடைத்து வைக்கும் சீல் போயிற்று.

புதுப்பேட்டையில் ஒரிஜினல் பழைய ஷாக் ஜோடி பார்த்தேன். எப்படிச் சோதித்து வாங்குவது?

கடைக்காரர் படுக்கப் போட்டு வைத்திருப்பார். எடுத்த உடனே அழுத்திப் பார்த்து "காற்றுதான் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். பழைய ஆயில் ஷாக்கைப் படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் காற்று இடம் மாறி ஆயில் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடும். வண்டியில் மாட்டுகிற மாதிரியே நிமிர்த்திப் பிடித்து, நெஞ்சை வைத்து ஏழெட்டு முறை அழுத்தி விடுங்கள். அப்புறம் கவனியுங்கள். உள்ளே போவது கொஞ்சம் லேசாக இருக்கலாம், திரும்பி எழும்புவது மட்டும் நிதானமாக இருக்க வேண்டும். கையை எடுத்ததும் 'டக்'கென்று எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள். ராடில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். துருப்புள்ளி நகத்தில் தட்டினால் புது சீல் போட்டாலும் அந்தப் புள்ளியே அதைக் கிழித்துவிடும்.

சார், அப்பாவின் 1974 புல்லட். கடையில் எல்லாரும் கேஸ் ஷாக் (ஆயிலோடு அழுத்திய வாயுவும் அடைத்த ஷாக்) போடச் சொல்கிறார்கள். எனக்குப் பழைய ஷாக்கையே சரிசெய்து ஓட்ட ஆசை. முடியுமா?

முடியும் அம்மா, ஆசையும் நியாயம்தான். பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மோடு 1949இலேயே வந்த வண்டி புல்லட். அன்று ஓடிய பல பைக்குகளில் பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது.

டேம்பரின் வாய் எப்படி மூடியிருக்கிறது என்று பாருங்கள். நட் போட்டு மூடியிருந்தால் திறந்து சீல் மாற்றி, அளவு பார்த்துப் புது ஃபோர்க் ஆயில் ஊற்றலாம். வாயை மடித்து அடைத்திருந்தால் வெட்டி வெல்டு வைக்க வேண்டும். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே ஆயில், ஒரே அளவு. ராடில் துரு இருந்தால் ஹார்டு குரோம் போட்டு கிரைண்டிங் செய்து வாங்குங்கள். அலங்கார குரோம் பூச்சு உரிந்துவிடும்.

ஒன்று முக்கியம்: அமுக்கிப் பிடிக்கும் கருவியான ஸ்ப்ரிங் கம்ப்ரஸர் இல்லாமல் ஸ்ப்ரிங்கைக் கழற்ற விடாதீர்கள். ஒரு பட்டறையில் இரண்டு பேர் கையாலேயே அமுக்கிக் கழற்றினார்கள். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஸ்ப்ரிங்கைத் தடுத்திருந்த காலர் நழுவியது, மேலே ட்யூப்லைட் நொறுங்கியது. முகம் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.

புது கேஸ் ஷாக் போட்டும் வளைவில் பின்பக்கம் ஆடுகிறது. ஷாக் டூப்ளிகேட்டா?

சில மலிவு ஷாக்குகளில் வாயு இருக்க வேண்டிய பக்கவாட்டு டப்பா வெறும் பொம்மைதான், அது உண்மை. ஆனால் ஆட்டத்துக்கு முதலில் ஸ்விங் ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்தில் இருக்கும் குழாய் போன்ற புஷ்ஷைத்தான் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஷாக் இரண்டையும், பின் சக்கரத்தையும் கழற்றுங்கள். ஸ்விங் ஆர்மின் பின்நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். 'லொடக் லொடக்' என்றால் புஷ் தேய்ந்துவிட்டது. கூடவே அதற்குள் போகும் ஸ்பிண்டில் தண்டும் தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புஷ் மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள். அங்கே ஆட்டமே இல்லையென்றால் வீல் பேரிங், ஸ்போக் என்று போங்கள்.

பின்னால் தூக்கினாற்போல் இருக்க ஒரு இன்ச் நீள ஷாக் போடலாமா ப்ரோ?

பார்க்க அழகுதான். ஆனால் பின்னால் ஏறினால் முன்ஃபோர்க் செங்குத்தாகும், ஹேண்டில் படபடக்கும். செயின் டென்ஷன் மாறும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் பின்சக்கரம் தரையிலேயே நிற்கும். மேல் போல்ட் நடுவிலிருந்து கீழ் போல்ட் நடு வரை அளந்து அதே நீளம் வாங்குங்கள். குட்டை ஷாக்கும் வேண்டாம், டயர் மட்கார்டில் உரசும்.

தனியாகத்தான் ஓட்டுகிறேன். ஷாக்கில் ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தை மாற்றும் ஸ்டெப்புகளில் எதில் வைக்கலாம்?

முதல் அல்லது இரண்டாவது. பின்னால் ஆள் ஏறினால் ஏற்றிக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒரே ஸ்டெப்பாக. ஸ்டெப் ஏற்றினால் குதிப்பு நிற்கும் என்று நினைக்காதீர்கள், அது டேம்பரைத் தொடுவதே இல்லை.