வாழைப்பழத்துக்கும் பிரஷர் காட்டும் வாட்ச்: நுகர்வோர் கேள்வி-பதில்

அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஆன்லைனில் 2,499 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினார். ஊசி குத்தாமலே சுகர், பிரஷர் எல்லாம் காட்டுகிறது. எப்போது பார்த்தாலும் 110, 115 என்றே வருவதால் இரவு மாத்திரையை நிறுத்திவிட்டார். அந்த வாட்சை நம்பலாமா?
– வாசகி, திருச்சி

நம்பவே கூடாது. முதல் வேலையாக அப்பாவை இன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ரத்தம் எடுத்து சுகர் பார்க்கட்டும். மாத்திரையை எப்படித் தொடர்வது என்று டாக்டர் சொல்லட்டும். வாட்ச் விஷயம் அதற்கு அப்புறம்தான்.

தோலில் குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளப்பதாகச் சொல்லும் எந்த வாட்சுக்கும், எந்த மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரிக்கை வெளியிட்டது. வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுங்குகிறதே, ரத்தம் அந்த ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை எண்ணி நாடித்துடிப்பைச் சொல்லலாம். சர்க்கரையைச் சொல்ல முடியாது. பெரிய பெரிய கம்பெனிகள் வருடக்கணக்கில் முயன்றும் அதற்கு நம்பகமான வழி இன்னும் கைகூடவில்லை. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று உண்டு; அதில் மெல்லிய இழை தோலுக்குள் போகிறது, அந்த அளவு போனுக்கு வருகிறது. அது வேறு பொருள், வேறு விலை.

இதே ரக வாட்ச் ஒன்று என்னிடமும் இருக்கிறது. சந்தேகப்பட்டு ஒரு வாழைப்பழத்தில் இறுக்கிக் கட்டினேன். நிமிடத்துக்கு 74 துடிப்பு, பிரஷர் 118/76 என்று திரையில் வந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று பெட்டிக்கு அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறதாம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'சுகர் மானிட்டர்' என்று போட்டுவிட்டுப் பெட்டிக்கு அடியில் கைகழுவுவது அயோக்கியத்தனம். குளுக்கோமீட்டரும் பி.பி. கருவியும் இந்தியாவில் 2021 ஜனவரி முதல் மருந்துச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அளக்கும் கருவி என்று சொல்லி விற்றவர் அதற்கான உரிமத்தைக் காட்டட்டும். விளம்பரப் பக்கத்தை இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.

20,000 ரூபாய்க்குள் நல்ல போன் எது? உடனே சொல்லவும்.
– வாசகர், சேலம்

எதற்கு வாங்குகிறீர்கள் என்று சொல்லாதவருக்கு என்னிடம் பதில் இல்லை. பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடத்துக்கு வரும் என்று கடையில் கேட்டுக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

ஆடித் தள்ளுபடியில் 43 இன்ச் டிவி வாங்கினேன். புது வீட்டுக்கென்று பிரிக்காமல் வைத்திருந்தேன். தை மாதம் பால் காய்ச்சிய பிறகு பிரித்தால் திரையில் விரிசல். பில்லும் கிடைக்கவில்லை. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
– வாசகர், ஈரோடு

போடலாம். ஜெயிப்பது கஷ்டம். ஆறு மாதம் பிரிக்காமல் கிடந்த பெட்டிக்குள் விரிசல் கடையில் விழுந்ததா, வண்டியில் விழுந்ததா, உங்கள் பழைய வீட்டுப் பரணில் விழுந்ததா என்று எந்த ஆணையம் கண்டுபிடிக்கும்? உடைந்த திரைக்கு வாரண்டி கிடையாது என்று எல்லா டிவி அட்டையிலும் எழுதியிருக்கிறது. இதே மாதிரிக் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. எத்தனை முறைதான் எழுதுவது? கொண்டுவந்தவர் வாசலைத் தாண்டும் முன் பிரித்து, ஓடவிட்டு, அதை வீடியோவும் எடுத்துவிடுங்கள். பில்லுக்கு வழி இருக்கிறது: உங்கள் போன் நம்பரைச் சொன்னால் கடைக் கம்ப்யூட்டரில் நகல் வரும், கார்டில் கட்டியிருந்தால் வங்கிக் கணக்குப் பட்டியலும் ஆதாரம்தான். டிவிக்கு என்னால் வழி சொல்ல முடியவில்லை.

மகளுக்கு இது ஏழாம் மாதம். ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் ஒரு பெண் வந்து பேசினார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பேரப்பிள்ளைக்கு நாளைக்கு எந்த நோய் வந்தாலும் காப்பாற்றிவிடலாம் என்கிறார். 60,000 ரூபாய், தவணையிலும் கட்டலாமாம். கட்டாமல் விட்டுப் பின்னால் வருத்தப்படுவோமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

அம்மா, கட்டாதீர்கள். உங்களுக்கு வந்த இந்தப் பயத்தை வரவழைக்கத்தான் அந்தக் கம்பெனி ஸ்கேன் சென்டரில் ஆள் நிறுத்தியிருக்கிறது.

தொப்புள்கொடி ரத்தத்தில் புது ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல் இருப்பது உண்மை. அதை வைத்து உயிர் காப்பாற்றியதும் உண்மை. 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்து காட்டினார். ஃபான்கோனி ரத்தசோகை என்ற பரம்பரை நோய் இருந்த ஒரு சிறுவனுக்கு, புதிதாகப் பிறந்த அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் செலுத்தினார்கள். கவனியுங்கள், தங்கையின் ரத்தம். அவனுடைய சொந்த ரத்தம் இருந்திருந்தால் உதவியிருக்காது. நோய்க்குக் காரணமான மரபணு அதிலும் இருந்திருக்கும். இன்னொரு பரம்பரை ரத்தநோயான தலசீமியாவுக்கும் இதே கதைதான். விற்பனைப் பிரதிநிதி இந்த இடத்தை மட்டும் வாய் திறக்காமல் தாண்டிவிடுவார்.

பிற்காலத்தில் அந்தக் குழந்தைக்கே பயன்படும் என்று தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை, தனியார் வங்கிகளில் அப்படிச் சேமிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமான ஐ.சி.எம்.ஆர். சொல்லியிருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2018-ல் இதே கருத்தை வெளியிட்டது. ஒரே ஒரு விலக்கு: வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இந்தச் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய் இருந்தால் ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள், நிலைமை வேறு.

இன்னொன்று. பிறந்தவுடன் கொடியைக் கட்டாமல் குறைந்தது ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் அந்த ரத்தம் குழந்தையின் உடம்புக்குள் போய் இரும்புச்சத்தாகச் சேர்கிறது. பேரப்பிள்ளைக்கு அன்றைக்கே கிடைக்கிற இந்தப் பலனுக்குக் காசு கிடையாது. மகளின் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். கூடவே, அந்தக் கம்பெனியிடமிருந்து ஆஸ்பத்திரிக்குக் கமிஷன் வருகிறதா என்றும் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.

போனின் பின்னால் ஒட்டினால் கதிர்வீச்சு வராது என்று பொருட்காட்சியில் ஒரு ஸ்டிக்கர் 300 ரூபாய்க்கு விற்றார்கள். வேலை செய்யுமா?
– வாசகர், வேலூர்

செய்யாது. அது நிஜமாகவே அலையைத் தடுத்தால் போன் டவரை எட்ட இன்னும் கூடுதல் சக்தியில்தான் வேலை செய்யும். நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில், '5ஜி கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பு' என்று விற்ற கழுத்து டாலர், கைவளையம், கண்மறைப்பு உள்பட பத்துப் பொருட்களைத் தடுத்தது. சோதித்துப் பார்த்தால் அந்தப் பொருட்களே அபாயமான அயனியாக்கக் கதிர்வீச்சை உமிழ்ந்துகொண்டிருந்தன. உங்கள் போனில் *#07# அழுத்திப் பாருங்கள், போனின் அலையை உடம்பு எவ்வளவு உறிஞ்சுகிறது என்று சொல்லும் எஸ்.ஏ.ஆர். அளவு வரும். இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். அதற்குள் இருந்தால் ஸ்டிக்கரைப் பிய்த்துப் போட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய இயர்போன் பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தது. 5 ஸ்டார் போட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால் 150 ரூபாய் கேஷ்பேக்காம். பொருள் சுமார்தான். எல்லோரும்தான் போடுகிறார்கள், இதில் என்ன தவறு?
– மாணவர், கோவை

தம்பி, தவறுதான். உங்களுக்கு 150 ரூபாய் வரவு. உங்கள் 5 ஸ்டாரைப் பார்த்துவிட்டு, பகுதி நேர வேலையில் சேர்த்த காசில் அதே இயர்போனை வாங்கப் போகிற இன்னொரு மாணவருக்கு முழு விலையும் நஷ்டம். அந்த அட்டையை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

கடைத்தெருவில் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். 'இது எப்படி?' என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கலாம். ஆன்லைனில் அந்த இடத்தில் இருப்பது முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதிவைத்த நாலு வரி மட்டும்தான். அதையும் காசு கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள். மின்சாரக் கெட்டில் ஒன்று வாங்கினேன். 4.4 ஸ்டார், ஆயிரக்கணக்கில் விமர்சனங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் பிளாஸ்டிக் இளகித் தண்ணீர் கசிய ஆரம்பித்த பிறகு அந்த விமர்சனங்களைக் கீழே வரை படித்தேன். 'என் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது', 'கலர் சூப்பர், பட்டன் எல்லாம் சரியாக இருக்கிறது' என்று வரிசையாக இருந்தது. செல்போன் உறைக்கு வந்த விமர்சனங்கள்! பழைய பொருளின் பக்கத்தில் படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றிக் கெட்டிலை ஏற்றியிருக்கிறார்கள். இது அங்கங்கே நடக்கிற பழைய தந்திரம்தான். வேறு வேறு பொருட்களை ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டி இப்படி ஸ்டாரைக் கூட்டிய ஒரு சத்துமாத்திரைக் கம்பெனியிடம் அமெரிக்க வணிக ஆணையம் 2023-ல் 6 லட்சம் டாலர் வசூலித்தது. காசு கொடுத்துப் பொய் விமர்சனம் வாங்குவதையும் 2024 அக்டோபர் முதல் அங்கே விதி போட்டுத் தடுத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்று ஒரு தரநிலை கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கிய விமர்சனத்தை வெளியிடக் கூடாது, எழுதியவர் நிஜமான ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும் என்கிறது. ஆனால் வந்தபோது அதைக் கட்டாயமாக்கவில்லை. விரும்பினால் பின்பற்றலாம் என்று விட்டுவிட்டார்கள். பொருளை விற்றுக் கமிஷன் எடுக்கும் தளத்துக்கு 5 ஸ்டார் பெருகுவதில் என்ன நஷ்டம்? கட்டாயமாக்காமல் இது நிற்காது.

யூடியூப்பில் பெட்டி பிரித்துக் காட்டுகிறவர்களுக்காவது 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வந்தது. காசோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் பார்ப்பவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: இயர்போன் சுமார் என்றால் சுமார் என்றே எழுதுங்கள். அட்டையைப் படம் எடுத்து விமர்சனத்தோடு போடுங்கள். தளம் அதை நீக்கினால் 1915 இருக்கிறது. வாங்கும்போது 2 ஸ்டார், 3 ஸ்டார் போட்டவர்களைப் படியுங்கள். நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் எச்சிலை அனுப்பி டி.என்.ஏ. டெஸ்ட் செய்துகொண்டான். 'நீங்களும் செய்யுங்கள், நம் பூர்வீகம் தெரியும்' என்று கிட் வாங்கி வைத்திருக்கிறான். அடுத்த மாதம் அங்கே போகிறோம். செய்யலாமா?
– வாசகர், சென்னை

நான் செய்ய மாட்டேன். இந்தத் தொழிலில் பெரிய பெயரான 23அண்ட்மீ கதையைக் கேளுங்கள். வேறு இடங்களில் திருடிய பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்து, 2023-ல் சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். சொந்தபந்தத்தைத் தேடும் வசதி அதில் இருந்ததால், அந்த 14,000 வழியாக 69 லட்சம் பேரின் விவரம் வெளியே போனது. 2025 மார்ச்சில் கம்பெனி திவால் மனு போட்டது. ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுத் தகவல் ஏலத்துக்கு வரும் சொத்தாகிவிட்டது. உங்கள் தகவலை அழித்துவிடுங்கள் என்று கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலே மக்களுக்கு எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. கடைசியில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கற்ற அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. வேறு யாரும் வாங்கியிருக்கலாம்.

பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், டி.என்.ஏ.வை மாற்ற முடியாது. அது உங்கள் ஒருவருடையதும் அல்ல. கலிஃபோர்னியாவில் பல வருடம் பிடிபடாத ஒரு கொலைகாரனை 2018-ல் பிடித்ததே அவனுடைய தூரத்துச் சொந்தக்காரர்கள் ஒரு தளத்தில் ஏற்றிவைத்த டி.என்.ஏ.வை வைத்துத்தான். அவன் பிடிபட்டது நல்லது. ஆனால் யாரோ ஒருவர் சம்மதித்தால் குடும்பமே அதில் தெரிந்துவிடுகிறது. பேத்திக்கு இருபது வயதாகும்போது 'என்னிடம் யார் சம்மதம் கேட்டீர்கள்?' என்றால் என்ன பதில்? மகனிடம் சொல்லிக் கணக்கை அழிக்கச் சொல்லுங்கள். மிச்சம் வைத்திருக்கும் எச்சில் மாதிரியையும் அழிக்கும்படி தனியாகக் கேட்க வேண்டும்.

வாஷிங் மெஷின் ரிப்பேருக்காக இணையத்தில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணுக்கு நேற்று மாலை பேசினேன். 10 ரூபாய் பதிவுக் கட்டணம் என்று லிங்க் அனுப்பி, ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள். அரை மணியில் 48,000 ரூபாய் போய்விட்டது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பிள்ளைகளிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.
– வாசகி, நாகர்கோவில்

டீச்சர், இந்தக் கடிதம் வந்ததுமே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். வெட்கப்பட வேண்டியது திருடியவர்கள்தான். கம்பெனி பெயரில் போலி எண்ணை இணையத்தில் ஏற்றிவைத்து, மெஷின் நின்றுபோய்த் தவிக்கிறவருக்காகக் காத்திருக்கிறார்கள். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் மாட்டுகிறார்கள். இன்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பணம் போனது தெரிந்தவுடன் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும், அல்லது தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கப் பார்ப்பார்கள்; அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். போனில் இணையத்தை அணைத்து, அந்த ஆப்பை நீக்குங்கள். வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் புகார் சொல்லும் வரை ஆன நஷ்டம் அவருடையது. புகார் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் போகலாம். சர்வீஸ் எண்ணை வாரண்டி அட்டையில் இருந்தோ மெஷினில் ஒட்டிய தாளில் இருந்தோ எடுங்கள். தேடல் பக்கத்தில் மேலே வந்ததை எடுக்காதீர்கள்.

பஸ் டிக்கெட் போட்டேன். நான் கேட்காத இன்சூரன்சும் 'நன்கொடை'யும் தானாகவே டிக் ஆகிப் பணம் போய்விட்டது. சின்னத் தொகைதான், விட்டுவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

விடாதீர்கள். ஆன்லைனில் வாங்குபவரை ஏமாற்றுவதாக மத்திய அரசு 2023 நவம்பர் 30-ல் தடை செய்த 13 தந்திரங்களில் இதுவும் ஒன்று. ஸ்க்ரீன்ஷாட்டோடு 1915-ல் புகார் கொடுங்கள். அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு டிக்கெட் கம்பெனிக்கும் ஒரு மெயில் போடுங்கள்.