சுகர் உள்ள பூனைக்குப் பல் பிடுங்குவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சர்க்கரை நோய் இருக்கும் பூனைக்குப் பல் சிகிச்சை செய்வது பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் சிறு விலங்கு மருத்துவர்தான், ஆனால் உங்கள் பூனையை நான் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால் டோஸை மாற்றுவதென்றால் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டு மாற்றுங்கள். இதை ஒருமுறை சொல்லிவிட்டேன், ஒவ்வொரு பதிலிலும் சொல்லப்போவதில்லை.

சுண்டுவின் அம்மா, கோவை: டாக்டர், சுண்டுவுக்கு 11 வயது. இன்சுலினை ஏற்றிக்கொண்டே போகிறோம், சுகர் 300க்குக் கீழே வர மாட்டேன் என்கிறது. வாய் பயங்கர நாற்றம், ஒரு பக்கமாகவே மெல்லுகிறான். இங்கே பார்க்கும் டாக்டர் "சுகர் கட்டுப்படட்டும், அப்புறம் பல்லைப் பார்க்கலாம்" என்கிறார். மாதக்கணக்கில் இதே கதை.

நிறைய பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஈறு அழுகி, பல்லின் வேரில் சீழ் இருந்தால் உடம்பு முழுக்க அழற்சி ஓடிக்கொண்டிருக்கும். அந்த அழற்சி இன்சுலினை வேலை செய்ய விடாது. அதாவது சுகர் இறங்காததற்குக் காரணமே வாயாக இருக்கலாம். அப்படியிருக்கும்போது சுகர் இறங்கிய பிறகுதான் வாயைத் தொடுவேன் என்றால் அந்த நாள் வரவே வராது. மயக்கம் கொடுக்க ரீடிங் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பூனை சாப்பிடுகிறதா, எடை நிற்கிறதா, நீர்ச்சத்து இருக்கிறதா, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) இல்லையா, இவைதான் முக்கியம். கீட்டோன் இருந்தாலோ, வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தாலோ கண்டிப்பாகத் தள்ளிப்போட வேண்டும், முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மற்றபடி 300 என்பது மட்டுமே தடை ஆகாது. டாக்டரிடம் "கீட்டோன் இல்லாவிட்டால் செய்யலாமா" என்று நேராகக் கேளுங்கள். தயங்கினால் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று. வாய்ப்புண்ணுக்கென்று சுண்டுவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? ஒரு ஊசி போட்டால் பூனை ஒரு மாதம் நன்றாகச் சாப்பிடும், திரும்ப வலி வரும், திரும்ப ஊசி. ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், சில பூனைகளுக்குச் சுகரே அதனால்தான் வருகிறது. போட்டிருந்தால் பழைய சீட்டுகளை எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

பெயர் வேண்டாம், திருச்சி: மயக்கம் கொடுக்கும் முன் என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? செலவைப் பார்த்து எதையாவது விடலாமா?

ரத்த அணுக்கள், கிட்னி, லிவர், உப்புச் சத்துக்கள், சிறுநீர்: இவற்றை விட முடியாது. வயதான பூனைக்குத் தைராய்டும் ரத்த அழுத்தமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்டால் எக்கோ (இதய ஸ்கேன்). ஃப்ரக்டோசமைன் என்று ஒன்று உண்டு, கடந்த 2, 3 வாரச் சுகரின் சராசரியைக் காட்டும். வீட்டில் ஒழுங்காக ரீடிங் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை விடலாம். கிளினிக்கில் எடுக்கும் ஒற்றை ரீடிங்கை மட்டும் நம்பாதீர்கள், பயந்த பூனைக்குச் சுகர் நோய் இல்லாவிட்டாலும் 300 காட்டும்.

மிச்சம் பிடிக்கும் பணத்தைப் பல் எக்ஸ்ரேக்கு வையுங்கள். பூனைக்குப் பல்லே கரைந்துபோகும் ஒரு நோய் உண்டு. மேலே சின்னச் சிவப்புப் புள்ளி, கீழே வேர் பாதி காணாமல் போயிருக்கும். எக்ஸ்ரே இல்லாமல் பிடுங்கினால் வேர்த் துண்டு உள்ளேயே தங்கி வலி தொடரும். எல்லா கிளினிக்கிலும் பல் எக்ஸ்ரே கருவி இருக்காது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

மூன்று பூனைக்காரர், மதுரை: ஆபரேஷன் அன்று காலை சாப்பாடு போடலாமா? இன்சுலின் போடலாமா? ஒருத்தர் ராத்திரி முதல் பட்டினி என்கிறார், இன்னொருத்தர் வேண்டாம் என்கிறார்.

ராத்திரி முழுக்கப் பட்டினி பழைய வழக்கம். அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2020இல் வெளியிட்ட மயக்க மருந்து வழிகாட்டுதலில் சர்க்கரை நோயாளிக்கு 2 முதல் 4 மணி நேரம் போதும் என்று இருக்கிறது. வழக்கமாகச் செய்வது: காலையில் ஈர உணவு பாதி, இன்சுலின் பாதி டோஸ், அன்றைய முதல் கேஸாக உள்ளே. தண்ணீரை எடுக்க வேண்டாம். ஆனால் ஊசி போடும் முன் ரீடிங் பாருங்கள். 150 என்று காட்டினால் பாதி டோஸும் அதிகமாக இருக்கலாம், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள். "மதியம் கொண்டு வாங்க, வரிசையில் பார்த்துக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சுகர் பூனை காலையிலேயே முடிந்து, பகல் முழுக்கக் கண்காணிப்பில் இருந்து, சாயங்காலம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும்.

வண்டியில் போவதற்கே அலறுகிற பூனை என்றால் காபாபென்டின் பற்றிக் கேளுங்கள், 2 மணி நேரம் முன்னால் கொடுத்தால் பதற்றம் குறையும்.

லண்டனிலிருந்து ஓர் ஈழத்துப் பூனைவாசி: வணக்கம் டொக்டர். எங்கட பூனைக்கு ஊசி இல்லை, சென்வெல்கோ எண்ட திரவ மருந்துதான் குடுக்கிறம். பாதி டோஸ் கதை எங்களுக்கும் பொருந்துமோ?

பொருந்தாது, கேட்டது நல்லது. சென்வெல்கோ, அமெரிக்காவில் 2022 கடைசியில் அனுமதி பெற்ற பெக்ஸாகேட் எல்லாம் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்துகள். இவற்றைச் சாப்பிடும் பூனை பட்டினி கிடந்தால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கீட்டோன் ஏறி ஆபத்தாகிவிடும். மீட்டரைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுவீர்கள், அதுதான் பயம். அறுவைக்கு முன்னரே இதை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் முன்னால் என்பதை உங்கள் வெட் சொல்லுவார். திரும்பத் தொடங்குவது பூனை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான். அதுவரை தினமும் கீட்டோன் பாருங்கள்.

கருப்பியின் அப்பா, ஈரோடு: லாண்டஸ் இன்சுலினுக்கு மாறியிருக்கிறோம். வீட்டில் பழைய சிவப்பு மூடி சிரிஞ்ச் நிறைய மிச்சம். அதையே பயன்படுத்தலாமா சார்?

கூடாது! (சார் இல்லை, மேடம். பரவாயில்லை.) சிவப்பு மூடி யூ-40 (ஒரு மில்லியில் 40 யூனிட்) இன்சுலினுக்கு. லாண்டஸ் யூ-100 (ஒரு மில்லியில் 100 யூனிட்), ஆரஞ்சு மூடிதான். சிவப்பு சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை லாண்டஸ் எடுத்தால் உள்ளே போவது 5 யூனிட். ஒரு 4 கிலோ பூனையை அது கொன்றுவிடலாம். மிச்சத்தைத் தூக்கி எறியுங்கள். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போது உங்கள் இன்சுலினையும் உங்கள் சிரிஞ்சையும் சேர்த்தே கொடுங்கள், இல்லாவிட்டால் அங்கே இருப்பதை எடுத்துப் போட்டுவிடுவார்கள்.

மீசைக்காரன் வீடு, தாம்பரம்: உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. டாக்டரிடம் என்ன கேட்டால் அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்?

தப்பாக எடுத்துக்கொள்பவரிடம் பூனையைக் கொடுக்க வேண்டாம். மயக்கத்தில் எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை சுகர் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஒருமுறை என்றால் சரி. தூங்கிக் கிடக்கும் பூனை சுகர் இறங்கினால் தள்ளாடிக் காட்டாது, மீட்டர்தான் சொல்ல வேண்டும். இறங்கினால் ட்ரிப்ஸில் டெக்ஸ்ட்ரோஸ் சேர்ப்பார்கள். மூச்சுக் குழாய் போடுவார்களா, பிடுங்கும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி உண்டா, உடம்பு சூடு குறையாமல் என்ன ஏற்பாடு என்பதையும் கேட்கலாம். சைலசின் மாதிரி சில மயக்க மருந்துகள் தாமே சுகரை ஏற்றும், அதனால் நடுவில் ரீடிங் கூடியதென்று சொன்னால் பதற வேண்டாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் வைத்த கருவி ஒன்று உண்டு. பூனையின் வாயை அது ரொம்ப அகலமாக விரித்து வைத்தால் மூளைக்கும் கண்ணுக்கும் போகும் ரத்தம் தடைபட்டு, எழுந்திருக்கும்போது பார்வை போயிருக்கலாம். "அந்த ஸ்பிரிங் கருவியை (spring gag) பயன்படுத்த மாட்டீர்கள் இல்லையா" என்று கேட்டு வையுங்கள்.

வெள்ளையம்மா, நாகர்கோவில்: மயக்கம் இல்லாமலே பல் கிளீன் செய்கிறார்களாமே, சுகர் பூனைக்கு அது நல்லதுதானே?

இல்லை. வெளியே தெரியும் காரை மட்டும் போகும், நோய் ஈறுக்குக் கீழே இருக்கிறது. காசு தண்டம்.

கேள்வி, சேலம்: வீட்டுக்கு வந்த பிறகு வலிக்கு டோலோ கால் மாத்திரை கொடுக்கலாமா? குழந்தைக்கே கொடுக்கிறோமே.

ஒரு துணுக்கு கூடக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமாலை உடைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்ச் செத்துவிடும். புரூஃபனும் அப்படியே விஷம். பூனைக்கு ப்யூப்ரெனார்ஃபின் நல்ல வலி மருந்து. கிட்னி நன்றாக இருந்தால் மெலாக்ஸிகாம் சில நாட்கள். மருந்து இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினால் திரும்பி நின்று கேளுங்கள்.

அதோடு, டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதியிருந்தால் வெறுமனே விழுங்க வைக்காதீர்கள். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு உணவுக்குழாயைப் புண்ணாக்கிச் சுருக்கிவிடும். பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ, ஒரு வாய் உணவோ போக வேண்டும்.

சுண்டுவின் அம்மா (மறுபடியும்): சாப்பிடவே இல்லையென்றால் இன்சுலினை நிறுத்திவிட வேண்டுமா?

அடியோடு நிறுத்துவதும் ஆபத்து, முழு டோஸ் போடுவதும் ஆபத்து. சாப்பாடும் இல்லை, இன்சுலினும் இல்லை என்றால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும். ரீடிங்கைப் பார்த்து, டாக்டர் சொன்னபடி குறைத்துப் போடுவதுதான் வழி. அதனால் டிஸ்சார்ஜ் ஆகும்போதே "சாப்பிட்டால் எவ்வளவு, பாதி சாப்பிட்டால் எவ்வளவு, சாப்பிடாவிட்டால் எவ்வளவு" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரி 10 மணிக்கு யாரையும் தேட வேண்டியிருக்காது.

முதல் நாள் ராத்திரி கொஞ்சமாவது நக்க வேண்டும். மறுநாளும் எதுவும் தொடவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், குண்டுப் பூனைகளுக்கு 2, 3 நாள் பட்டினியிலேயே கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். வலியா, குமட்டலா என்று பார்க்க வேண்டும். பசியைத் தூண்ட மிர்டாசபின் கொடுக்கலாம்.

டின் உணவைக் கொஞ்சம் சூடுபடுத்தினால் வாசனைக்கு வரும். வேகவைத்த கோழியை மசித்து, அது வெந்த தண்ணீரோடு குழைத்துக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு வேண்டாம். மீன் என்றால் முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, தையல் இருக்கும். சாதம் வேண்டாம், தயிர்சாதம் வேண்டவே வேண்டாம், பாலும் வேண்டாம். நம் வீடுகளில் பூனைக்குச் சுகர் ஏறுவதில் அந்தச் சோற்றுக்கும் விலை மலிந்த உலர் தீனிக்கும் பங்கு உண்டு. ஆனால் வேறு எதையும் தொடாத பூனை கிப்பிளைத்தான் (உலர் தீனியைத்தான்) கேட்கிறது என்றால், ஊறவைத்துக் கொடுங்கள். அன்றைக்குச் சாப்பிடுவதுதான் பெரிது.

மூன்று பூனைக்காரர், மதுரை: பல் எடுத்தபின் சுகர் குறையுமா, டோஸை எப்போது குறைப்பது?

குறையலாம், பல பூனைகளுக்குக் குறைகிறது. எல்லோரும் மயக்கத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். நான் அதற்கு அடுத்த இரண்டு வாரத்தை நினைத்துத்தான் பயப்படுவேன். சீழும் அழற்சியும் போனதும் அதே டோஸ் திடீரென்று அதிகமாகிவிடும். நேற்றுவரை 350 காட்டிய பூனை 3 யூனிட்டில் 50க்கு விழலாம். அதனால் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ரீடிங், 200க்குக் கீழே இருந்தால் போடாமல் போன் செய்வது, ஊசி போட்டு 4 முதல் 6 மணி நேரத்தில் இன்னொரு ரீடிங். இந்த இரண்டு வாரமும் இதைச் சோம்பல் படாமல் செய்யுங்கள். முதல் சாயங்காலம் மட்டும் ஆஸ்பத்திரிப் பயத்தில் 400 காட்டலாம், அதற்காக டோஸை ஏற்றிவிடாதீர்கள்.

சில பூனைகளுக்கு, அதுவும் சுகர் வந்து ஓரிரு மாதமே ஆனவற்றுக்கு, வாயும் சுத்தமாகி மாவுச்சத்துக் குறைந்த ஈர உணவும் சேர்ந்தால் இன்சுலினே தேவைப்படாமல் போகலாம். நாயில் இது அரிது, பூனையில் நடக்கும். அந்த ஆசையில் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

பெயர் வேண்டாம், திருச்சி: சுகர் ரொம்ப இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்? வீட்டு மீட்டர் போதுமா?

தள்ளாட்டம், சுருண்டு பதில் சொல்லாமல் கிடப்பது, திடீர் அகோரப் பசி, உதறல், வலிப்பு. மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்தே காட்டும், ஆனாலும் 60க்குக் கீழே என்றால் விவாதம் வேண்டாம். சாப்பிடும் நிலையில் இருந்தால் உடனே உணவு, கூடவே கொஞ்சம் தேன். சாப்பிட முடியாவிட்டால் தேனையோ குளூக்கோஸ் கரைசலையோ விரலால் கன்னத்தின் உட்பக்கம் தடவுங்கள், தையல் இருக்கும் ஈறைத் தேய்க்காமல். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். உதட்டோரம் தடவிக்கொண்டே வண்டியை எடுங்கள்.

காது நுனியில் குத்த விடாத பூனைக்கு லிப்ரே சென்சார் (தோலில் ஒட்டிச் சுகரைப் பார்க்கும் கருவி) ஒட்டலாம், 14 நாள் என்று சொன்னாலும் பூனை அதற்கு முன்பே பிய்த்துவிடுவது சகஜம். மயக்கத்தில் இருக்கும்போதே ஒட்டச் சொன்னால் சண்டை மிச்சம். ரொம்பக் குறைவாகக் காட்டினால் காதிலும் ஒருமுறை சரிபாருங்கள்.

கருப்பியின் அப்பா, ஈரோடு: மன்னிக்கணும் மேடம். எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். பிறகு எப்படிச் சாப்பிடுவாள்?

பெரிய பூனைக்கு 30 பல், அத்தனையும் போனாலும் சாப்பிடும். பூனை பெரிதாக மென்று சாப்பிடும் ஜாதி இல்லை, நாக்காலேயே அள்ளி விழுங்கிவிடும். வலிக்கிற பல்லோடு இருப்பதைவிட பொக்கை வாயோடு நன்றாகவே சாப்பிடுவாள், கிப்பிள் கூட. தையல் தானாகக் கரைந்துவிடும், பிரிக்க வேண்டாம். முதல் ஓரிரு நாள் எச்சிலில் லேசான சிவப்பு இருக்கும். சொட்டுச் சொட்டாகப் புது ரத்தம் வந்தாலோ முகம் வீங்கினாலோ கொண்டுபோங்கள். மற்ற பூனைகளை ஒரு நாள் தனியே வையுங்கள், ஆஸ்பத்திரி வாசனைக்குச் சீறும், யார் எவ்வளவு சாப்பிட்டது என்றும் தெரியாது. 10லிருந்து 14 நாளில் வாயைக் காட்டும்போது ரீடிங் நோட்டையும் எடுத்துப்போங்கள்.