ஹியர், லிசன் இரண்டுமே 'கேள்' தானே? என்ன வேறுபாடு?

கேட்டவர் என்னைப் போலத் தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்கு வந்தவராகத்தான் இருக்க வேண்டும். எங்கேயோ வாயை விட்டுவிட்டு வந்து கேட்கிறீர்கள், சரிதானே?

2012இல் தருமபுரியிலிருந்து பெங்களூரு வந்து மூன்றாவது வாரம். ஒயிட்ஃபீல்டில் ஆபீஸ். அமெரிக்க கிளையண்ட்டோடு கால். லைன் கரகரக்கிறது, அந்த அம்மா பேசுவதில் பாதி கேட்கவில்லை. அந்தக் 'கேட்கவில்லை'யை மனசுக்குள்ளேயே மொழிபெயர்த்து, "சாரி மேடம், ஐ ஆம் நாட் லிசனிங் டு யூ" என்றேன். இலக்கணத்தில் குறையே இல்லை, 'டு' கூட ஒழுங்காகப் போட்டிருந்தேன். அர்த்தம்தான் 'நீங்கள் பேசுவதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை' என்று ஆகிவிட்டது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பக்கத்து சீட் மதுரைக்கார அண்ணன் மியூட் போட்டுவிட்டு, "கேன்ட் ஹியர்னு சொல்லுப்பா" என்றார். மேனேஜர் அதை அப்ரைசல் வரைக்கும் மறக்கவில்லை.

தமிழில் ஒரே சொல் இருப்பதால் வந்த வினை என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 'எனக்குக் கேக்குது' என்றால் ஹியர், 'நான் கேக்குறேன்' என்றால் லிசன். 'எனக்கு' என்று வந்தால் சத்தம் தானாகக் காதில் விழுகிறது. 'நான்' என்று வந்தால் காது கொடுத்துக் கேட்கிறேன். நான்காம் வேற்றுமையை வைத்தே நாம் பிரித்துவிடுகிறோம். அது ஆஸ்க்கும் ஆகுமே என்று கமெண்ட்டில் சண்டைக்கு வராதீர்கள், தெரியும்.

மற்றபடி, லிசனுக்குப் பின்னால் ஆளோ பாட்டோ வந்தால் நடுவில் 'டு' வேண்டும், 'லிசன் மீ' தப்பு. ஹியருக்கு அது வேண்டாம். 'ஐ ஆம் ஹியரிங் யூ' என்று சாதாரணமாகச் சொல்வதில்லை, 'ஐ கேன் ஹியர் யூ' தான். கோர்ட்டில் ஜட்ஜ் கவனித்துக் கேட்டாலும் அதற்கு ஹியரிங் என்றுதான் பெயர்.

கோர்ட் என்றதும் என் பழைய ஹவுஸ் ஓனர் ஞாபகம் வருகிறார். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கியவர், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுவரில் நான் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. கன்னடத்தில் 'கேளு' (காது கொடுத்துக் கேள்) வேறு, 'கேளிஸு' (காதில் விழு) வேறு என்று கற்றுக்கொடுத்ததே அவர்தான். நான் போன் செய்யும்போதெல்லாம் "ஹலோ, ஹலோ, கேளிஸ்தா இல்ல" என்று வைத்துவிடுவார். செல்போன் டவர் இருப்பதே அவர் வீட்டு மொட்டைமாடியில்.